ரெண்டு மணிக் கால்

நேற்று மாலை அம்மா அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்ன பிறகு, அந்த வீட்டில் இரண்டு பேர் கண்ணை மூடவில்லை. மூன்றாவது ஆள் மட்டும் சுவர் அதிரக் குறட்டை விட்டுத் தூங்கினார். யாருடைய காலைப் பற்றி அம்மா சொன்னாளோ, அவர்தான் அந்த மூன்றாவது ஆள்.

மகள் மனிதர்களின் நடையை ஆராய்கிறவள். சின்ன வயதிலிருந்தே எதையாவது கேட்டுக் குடைந்துகொண்டே இருந்ததால் வீட்டில் அவளுக்குப் 'புரொபசர்' என்றே பெயர். செருப்புக்குள் வைக்கிற மெல்லிய அட்டை ஒன்றை அவளுடைய துறையில் செய்திருந்தார்கள். கால் எங்கே அழுந்துகிறது, எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று அது பதிவு செய்துகொள்ளும். ஒருவர் தடுக்கி விழுவதற்கு வெகுகாலம் முன்பே அவர் நடையில் அதற்கான அறிகுறி தெரிகிறதா என்பதுதான் அவள் தேடுவது.

அப்பா பஸ் ஓட்டுகிறவர். மகளுக்காக டெப்போவில் ஆட்களைப் பிடித்துக்கொடுத்தார். தானும் ஒரு ஜோடி அட்டையைப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் நடந்தார். எந்த நடை யாருடையது என்று அவளுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. பெயர்கள் எல்லாம் ஒரு மருத்துவரின் பொறுப்பில் இருந்தன. அவளுக்கு வந்து சேர்ந்தவை எண்கள் மட்டும்.

எண்களாகவே இருந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் இன்றைக்குப் பல்கலைக்கழக அரங்கில் போட்டி. ஆராய்ச்சி என்றால் என்னவென்றே தெரியாத பொதுமக்கள் முன்னால், மூன்றே நிமிடத்தில், ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு தன் வேலையைப் புரியவைக்க வேண்டும். எண்களைக் காட்டினால் கூட்டம் கொட்டாவி விடும். அதனால் மாற்றம் மிகத் தெளிவாகத் தெரிந்த ஒருவரின் எண்களை எடுத்து, முதல் முறையாக அவற்றைக் காலடிகளாக வரைந்தாள். ஈர மண்ணில் பதிந்தது போல வரிசையாகக் காலடிகள்.

அதைப் போட்டிக்கு அனுப்பி முடித்த நேரத்தில், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா கணினித் திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "ஏண்டி, இது உங்கப்பா கால் இல்ல?"

கடிகார முள் மாதிரி இடது பாதம் நேராகப் பன்னிரண்டைப் பார்த்தது. வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பி இரண்டைப் பார்த்தது. டெப்போவில் அப்பாவுக்கு 'ரெண்டு மணி' என்ற பெயர் வந்ததே அந்தக் காலால்தான்.

*

காலையில் அப்பா சீருடைச் சட்டைக்குப் பட்டன் போட்டபடி மகளின் பேச்சை ஒப்பித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது தலைகீழ்ப் பாடம். ஆகாமல் என்ன செய்யும்? இத்தனை நாளாக அந்தப் பேச்சுக்கு இருந்த ஒரே கூட்டம் அவர்தான். சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் டம்ளரும் ஸ்பூனுமாக உட்கார்ந்துகொள்வார். புரியாத வார்த்தை வந்தால் டம்ளரில் ஒரு தட்டு: வண்டி நிற்க வேண்டும். அதையே அவள் எளிமையாகச் சொன்னால் இரண்டு தட்டு: போகலாம், ரைட். முதல் நாள் வண்டி இரண்டு வரியைத் தாண்டவில்லை. 'அல்காரிதம்' என்ற இடத்தில் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே போய்விட்டார்.

அப்படித் தட்டித் தட்டித்தான் பேச்சின் முதல் வரி பிறந்தது. அவள் 'விழக்கூடும்' என்று எழுதியிருந்ததை அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி மேடம் அடித்துத் திருத்தினார். கூடும், இருக்கலாம் என்று இழுத்தால் கூட்டம் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடும் என்பது மேடத்தின் கட்சி.

திருத்திய வரியின் மேல் அப்பாவுக்கு ஒரே காதல். டீக்கடையில் கண்டக்டர்களிடம் அதைச் சொல்லி மிரட்டியிருக்கிறார். இன்றைக்கும் கண்ணாடி முன்னால் நின்று, குரலைத் தாழ்த்தி, நாடகக்காரர் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"இந்தக் காலடிகளுக்குச் சொந்தக்காரர் சீக்கிரமே விழப்போகிறார். அது அவருக்கு இன்னும் தெரியாது."

சொல்லிவிட்டுக் கண்ணாடிக்குள்ளிருந்தே மகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "எப்படி, புரொபசர்?"

நன்றாக இருக்கிறது என்று அவள் சொன்னாள். அந்தக் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

கிளம்பும்போது அவர் இன்னொரு செய்தியும் சொன்னார். நடுவர்கள் மூன்று பேரில் ஒருவர் அவர்களுடைய போக்குவரத்துக் கழகத்தின் பாதுகாப்பு அதிகாரியாம். வண்டிக்குத் தகுதியில்லாத ஓட்டுநரைப் பார்த்த மாத்திரத்தில் கீழே இறக்கிவிடுகிற மனிதர். "என்னை நல்லாத் தெரியும் அவருக்கு. எங்க பார்த்தாலும் என்ன ரெண்டு மணி, சௌக்கியமான்னுதான் கேப்பார். உன்னை அறிமுகப்படுத்தி வைக்கறேன்."

வாசற்படியில் அவருடைய வலது ஷூவின் முனை லேசாக உரசிற்று. அவர் கவனிக்கவில்லை. அவளும் இத்தனை நாள் கவனித்ததில்லை.

*

கதவு சாத்தியதும் அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். இன்றைக்கு மட்டும் வாயைத் திறக்காதே, அந்தப் படத்தையும் காட்டாதே என்றாள். ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தது போல அவளிடம் தயக்கமே இல்லை.

அது அப்பாவின் கால்தான் என்று எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறாய் என்று மகள் கேட்டாள். அம்மா அப்பாவின் பழைய ஷூவை எடுத்து வந்து மேஜை மேல், சாப்பாட்டு மேஜை என்றுகூடப் பார்க்காமல், வைத்தாள். இடது ஷூ வாங்கினபடியே இருந்தது. வலது ஷூவின் முனை தேய்ந்து, தைத்து, மறுபடி தேய்ந்திருந்தது.

"போன மழைக்காலத்துலயே பார்த்துட்டேன். உன் மெஷின் இப்பத்தான் கண்டுபிடிக்குது."

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா இறக்கிடுவாங்க. இறக்கிட்டா அந்த மனுஷன் வீட்ல உக்காந்து என்ன செய்வாரு? ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் டிரிப் அடிப்பாரா?"

"வலது கால்மா. பிரேக் மிதிக்கிற கால்."

அம்மா ஷூவைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். குழாயைத் திறந்து, பாத்திரம் எதுவும் இல்லாத தொட்டியில் தண்ணீரை ஓடவிட்டாள்.

*

வழிகாட்டி மேடம் அன்றைக்குப் பட்டுச்சேலை கட்டாத குறைதான். அவ்வளவு உற்சாகமாக இருந்தார். துறையிலிருந்து இறுதிச்சுற்று வரை வந்த முதல் ஆள் இவள்தான். விஷயத்தைக் கேட்டதும் அவர் உற்சாகம் வடிந்தது. ஆனால் பதறவில்லை.

ஓட்டுநர்களில் பாதிப் பேருக்கு வலது பாதம் அப்படித்தான் வெளியே திரும்பியிருக்கும் என்றார். சந்தேகம் என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. மருத்துவரிடம் சொன்னால் அவர் அந்த ஆளைக் கூப்பிட்டு, சோதித்து, பக்குவமாகச் சொல்லுவார். நாளைக் காலையில் முதல் வேலையாகத் தானே பேசுவதாகவும் சொன்னார். இதுவரை எல்லாம் நியாயம்.

"நாளைக்குன்னா, அவர் இப்ப வண்டி ஓட்டிக்கிட்டிருக்கார் மேடம்."

"யார்? அந்தப் படத்துல இருக்கிறவரா, உங்கப்பாவா? ரெண்டும் ஒண்ணுன்னு உனக்கு எப்படித் தெரியும்? அம்மா சொன்னாங்க. அதை ஆதாரம்னு ஒரு கட்டுரையில எழுதுவியா நீ?"

எழுதமாட்டாள். அதுதான் கஷ்டம். படத்தையாவது மாற்றிக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். எல்லாருடைய படங்களையும் நேற்றே வாங்கிக் கோத்துவிட்டார்கள், இனி ஒரு புள்ளிகூட மாறாது என்றார் மேடம். அப்புறம் அவள் தோளைத் தட்டி, மேடை பயம் என்னவெல்லாம் நினைக்கவைக்கும் தெரியுமா என்றார்.

*

மத்தியானம் அவள் அப்பாவின் பஸ்ஸில் ஏறினாள். ஆதாரம் தேடித்தான்.

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடியில் அவளைப் பார்த்த அப்பாவுக்கு வாயெல்லாம் பல். போட்டியை விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறாயா என்று அதட்டினார். டிக்கெட் போட்டுக்கொண்டே வந்த கண்டக்டர், அண்ணன் பெண் இன்றைக்கு மேடையேறப் போகிறது என்று வண்டிக்கே அறிவித்தார். அவருக்கும் முதல் வரி மனப்பாடம். அதைத் தன் பாணியில் எடுத்துவிட, முன் இருக்கையில் இருந்த ஒரு பெரியவர் பயந்துபோய்த் தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு காலை. வலது பாதம் ஒரு மிதியிலிருந்து மற்றொன்றுக்குப் போயிற்று, வந்தது. போயிற்று, வந்தது. சரியாகத்தான் இருந்தது. எத்தனை வருட வண்டி அது; கால் தானாகவே ஓட்டுகிறது. அவளுக்கு மேடம் சொன்னதே சரியாக இருக்குமோ என்று தோன்றத் தொடங்கியது.

திருப்பத்தில் முன்னால் போன சரக்கு வேன் சடாரென்று நின்றது.

பஸ் நின்றது. ஆனால் நிற்பதற்கு முன் இன்னும் கொஞ்சம் போயிற்று. நின்றுகொண்டிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். யாருடைய பையிலிருந்தோ ஆரஞ்சுகள் உருண்டு ஓடின. வேனின் பின்கதவுக்கும் பஸ்ஸின் முகப்புக்கும் நடுவே ஒரு கை நுழையும். இரண்டு கை நுழையாது.

யாரோ வைதார்கள். அப்பா திரும்பிப் பார்க்காமல், "பிரேக் கொஞ்சம் இழுக்குது. எழுதிக் குடுத்திருக்கேன்," என்றார்.

பிரேக் தாமதமாகப் பிடித்ததா, கால் தாமதமாக எழும்பியதா? அதைப் பார்க்கத்தான் அவள் வந்தாள். ஆனால் அந்த நொடியில் கண்ணை இறுக மூடிக்கொண்டுவிட்டாள்.

கடைசி நிறுத்தத்தில் அவர் இறங்கி வந்ததும், அப்பா, உங்க வலது கால் என்று ஆரம்பித்தாள். அவர் குனிந்து ஷூவைப் பார்த்தார். சாயங்காலம் பாலிஷ் போட்டுக்கொண்டுதான் வருவேன், உன் மானத்தை வாங்க மாட்டேன் என்றார். அதற்குள் புறப்படும் நேரமாகி கண்டக்டரின் விசில் ஒலித்தது. அவர் கைப்பிடியைப் பற்றி ஏறினார். இடது கால் ஏறியது. வலது கால் படியில் ஒரு முறை இடித்து, பிறகு ஏறியது.

இந்த முறை அவள் கண்ணை மூடவில்லை.

*

அரங்கு நிறைந்திருந்தது. படங்களை ஓட்டுகிற தொழில்நுட்ப ஆளிடம் அவள் தனியாகப் போய், தன் முறை வரும்போது திரையைக் கறுப்பாகவே விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டாள். படம் இல்லாமலா என்று அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். உங்கள் இஷ்டம் என்றார்.

படம் இல்லாவிட்டால் தோல்விதான். அது அவளுக்குத் தெரியும். தோற்றுவிட்டு, வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும். நாளை விடியும் முன் சொல்லிவிட வேண்டும். அம்மா என்ன கத்தினாலும் சரி.

அப்பாவும் அம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள். ஷூ பளபளத்தது. நடுவர் வரிசையிலிருந்து ஒரு தடித்த மனிதர் திரும்பி அப்பாவுக்குக் கையசைத்தார். அப்பா பாதி எழுந்து வணக்கம் சொன்னார். அம்மா தன் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் முறை வந்தது. ஒலிவாங்கி முன் நின்றாள். பின்னால் திரை கறுப்பாக இருந்தது. கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

பக்கவாட்டில் தொழில்நுட்ப மேஜை அருகே மேடம் நிற்பதை அவள் பார்த்தாள். மேடம் கறுப்புத் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இரண்டு வருட உழைப்பை இந்தப் பெண் ஒரு பயத்துக்காகக் குழியில் போடுகிறாளே என்பது போலத் தலையை அசைத்தார். பிறகு மேஜைக்காரரின் காதருகே குனிந்தார்.

அரங்கில் வெளிச்சம் மாறியது. அவள் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. முன்வரிசை முகங்கள் எல்லாம் அவளுக்குப் பின்னால் எதையோ நிமிர்ந்து பார்த்தன.

அப்பாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. மகள் ஆரம்பிக்கவில்லையே என்று அவரே எடுத்துக்கொடுத்தார். இந்தக் காலடிகளுக்குச் சொந்தக்காரர். சத்தமில்லாமல், சிரித்த முகமாய். சீக்கிரமே.

உதடுகள் அங்கே நின்றன.

அவர் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தது போல இருந்தது. பிறகு கால்களைக் குனிந்து பார்க்காமல், பக்கத்தில் இருந்த அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

முதல் வரி செத்துப்போயிற்று. அவருக்குத் தெரிந்துவிட்டது. மீதிப் பேச்சும் அதோடு போயிற்று. அவள் மனப்பாடம் செய்த எதுவும் வாயில் இல்லை. அரங்கில் யாரோ இருமினார்கள்.

"இந்தக் காலடிகளுக்குச் சொந்தக்காரர் விழலாம்," என்றாள். "விழாமலும் போகலாம். அது இந்தப் படத்துக்குத் தெரியாது."

மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

அவள் இருநூறு பேருக்குப் பேசுவதை விட்டுவிட்டாள். ஒருவருக்குச் சொன்னாள். வீட்டில் பேசுகிற மாதிரியே சொன்னாள்.

"இதுல தெரியறது ஒரே ஒரு விஷயம். வலது கால் முன்ன எழும்பின உயரத்துக்கு இப்ப எழும்பல. ஒரு அரிசி மணி உயரம்தான் குறைஞ்சிருக்கு. நடக்கிறவருக்குத் தெரியாது, ஏன்னா நம்ம உடம்பு ரொம்ப சாமர்த்தியம். இடுப்பைக் கொஞ்சம் தூக்கி, தோளைக் கொஞ்சம் சாய்ச்சுச் சமாளிச்சிடும். சமாளிக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருக்கும்.

"ஏன் எழும்பலன்னு இதுக்குத் தெரியாது. நரம்பா இருக்கலாம். முதுகுல எங்கயாவது அழுத்திக்கிட்டு இருக்கலாம். அதுல சிலதைச் சரி பண்ணிடலாம், சிலதை முடியாது. சீக்கிரம் பார்த்தா முடியறது அதிகம். இந்த அட்டை டாக்டர் இல்லை. கதவைத் தட்டற ஆள், அவ்வளவுதான். தட்டினா எழுந்து போய்த் திறக்கணும். நம்ம வீட்ல எல்லாம் என்ன செய்வோம்? தெரிஞ்சவங்க தட்டற மாதிரி இருந்தாக்கூட, பேசாம இருங்க, போயிடுவாங்கன்னு சொல்லுவோம்."

மணி அடித்தது. கைத்தட்டல் முதலில் தயங்கி, பிறகு பெரிதாக வந்தது. அவளுக்கு அது எங்கோ தகரத்தில் மழை பெய்வது போலக் கேட்டது.

விதிப்படி நடுவரோ பார்வையாளரோ யாராவது ஒருவர் மட்டும் கேள்வி கேட்கலாம். பாதுகாப்பு அதிகாரி ஒலிவாங்கிக்காகக் கையை நீட்டினார். ஆனால் அதற்கு முன்பே, வரிசை நடுவில், சீருடையில் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுப்பது மேடையிலிருந்தே தெரிந்தது.

"எனக்கு ஒரு சந்தேகம் மேடம்," என்றார் அப்பா, ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு. கேலிக்குக்கூட அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. "இவர் யாரு, என்ன தொழில் செய்றாருன்னு உங்களுக்குச் சொல்ல மாட்டாங்க, இல்லையா?"

"சொல்ல மாட்டாங்க."

"சரி. ஒரு பேச்சுக்கு, இவர் வண்டி ஓட்டறவர்னு வச்சுக்குவோம். நாற்பது அம்பது பேர் ஏறுற வண்டி. நாளைக்குக் காலையில அவர் வண்டி எடுக்கலாமா?"

அரங்கில் சிலர் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அது நல்ல கேள்வி, அவ்வளவுதான். நடுவர் வரிசையில் மட்டும் அந்தத் தடித்த மனிதர் மெல்லத் திரும்பினார். திரையைப் பார்த்தார். பிறகு கேள்வி கேட்டவரின் முகத்தைப் பார்த்தார்.

அதைப் படம் பார்த்துச் சொல்ல முடியாது என்று அவள் சொல்லலாம். அது பொய்யும் இல்லை. மேடம் கேட்டால் மெச்சுவார். அம்மாவின் முகம் அதைத்தான் கெஞ்சிக்கொண்டிருந்தது.

"டாக்டர் பார்த்துச் சரின்னு சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது," என்றாள்.

"ஒரு டிரிப்கூடவா?"

"ஒரு டிரிப்கூட."

அப்பா தலையசைத்தார். ஒலிவாங்கியைப் பக்கத்தில் இருந்தவரிடம் பத்திரமாகக் கொடுத்தார். நன்றி என்று அவர் சொன்னது ஒலிவாங்கி இல்லாமலே அவளுக்குக் கேட்டது.

அவர் உட்காரவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே முழங்கால்களைத் தாண்டி நடைபாதைக்கு வந்தார். வாசல் பக்கம் போவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் முன்பக்கம் நடந்தார். மேடைக்கு நேரே இருந்த நடுவர் வரிசையில், பாதுகாப்பு அதிகாரியின் நாற்காலியருகே போய்க் குனிந்து, தன் வலது காலைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். அடுத்த போட்டியாளரை அழைக்கும் குரலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

அதிகாரி எழுந்து நின்றார். அப்பாவின் தோளில் கையை வைத்தபடி மேடையைப் பார்த்தார். அது கோபமா, இரக்கமா என்று அவளால் படிக்க முடியவில்லை. அவர் விரல் நீட்டி அவளைக் கீழே வரச் சொன்னார்.

அப்பா மட்டும் மேடைப் பக்கம் திரும்பவே இல்லை.